பகடைக்கு வெளியே இருந்தவர்கள்: வெனிஸ் 1576 ரோல்பிளே குழுவில் நேர்ந்த பிளவு குறித்த நிகழ்வு ஆய்வு

16-ஆம் நூற்றாண்டு வெனிஸ் நகரைக் களமாகக் கொண்டு எழுத்து வழியே ஆடிவந்த ஒரு வரலாற்று ரோல்பிளே குழுவில், 1576-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை ஆடத் தொடங்கிய சில வாரங்களுக்குள் ஏற்பட்ட பிளவையும், அதைச் சீர்செய்ய எடுத்த முயற்சிகளையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. குழுவை நடத்திய மூன்று ஒருங்கிணைப்பாளர்களில் நானும் ஒருவன். ஆகவே இது நடுநிலையாளரின் குறிப்பன்று. தவறில் பங்குள்ள ஒருவரின் குறிப்பு. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். மேற்கோளாக வரும் கடித வரிகள் என் தமிழாக்கம்.

பின்னணி

குழுவில் அப்போது 34 பேர் இருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் தம் பாத்திரத்தின் கோணத்தில் ஒரு காட்சியை எழுதுவார். அந்தக் காட்சியில் இருக்கும் மற்றவர் அதைத் தொடர்ந்து எழுதுவார். நிஜத்தில் ஒரு மாதம் சென்றால் கதையில் இரண்டு மாதம் செல்லும். லெபாந்தோ கடற்போரின் வெற்றிச் செய்தியோடு துருக்கியக் கொடிகளைத் தண்ணீரில் இழுத்தபடி ஒரு போர்க்கப்பல் வெனிஸுக்கு வந்து சேர்ந்த 1571 அக்டோபர் 19 அன்று எங்கள் கதை தொடங்கியது. கொள்ளைநோய்க்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டேகால் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து எழுதியிருந்தோம்.

வெனிஸ் சமூகம் மூன்று அடுக்கானது. மாமன்றத்தில் அமரும் உரிமையுள்ள உயர்குடியினர், அரசு எழுத்தர் வேலைகளுக்கும் வணிகத்துக்கும் உரிய குடிமக்கள், மற்றபடி நகரின் பெரும்பகுதியாக இருந்த எளிய மக்கள். 1297-இல் மாமன்றத்தின் கதவு புதிய குடும்பங்களுக்கு ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. 1506 முதல் உயர்குடிக் குழந்தைகளின் பிறப்பு தனிப் பதிவேட்டில் ஏறியது. நகர மக்களில் இவர்கள் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். எங்கள் குழுவில் அந்த விகிதத்தை வைத்தால் இரண்டு பேருக்கு மேல் உயர்குடியாக இருக்க முடியாது. அப்படிச் செய்தால் யாரும் சேரமாட்டார்கள் என்று கருதி 13 இடங்களை ஒதுக்கினோம். அந்த 13-ம் முதல் மாதத்திலேயே நிரம்பிவிட்டன. நிரப்பியவர்கள் குழுவைத் தொடங்கியவர்களும் அவர்களுடைய நண்பர்களுமே. ஒருங்கிணைப்பாளர் மூவரும் உயர்குடிதான்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் படகோட்டி, சலவைக்காரி, கப்பல் தளத் தச்சர், முரானோ தீவின் கண்ணாடித் தொழிலாளி, யூதர்கள் வாழ ஒதுக்கப்பட்ட கெத்தோ பகுதியில் பழைய துணி விற்கும் யூத வணிகர் போன்ற பாத்திரங்களைக் கொடுத்தோம். இவற்றை யாரும் குறையாக நினைக்கவில்லை. சொல்லப்போனால் குழுவில் எழுதப்பட்ட நல்ல காட்சிகளில் பாதிக்கு மேல் இவர்களுடையவை. ஆனால் எப்போது சேர்ந்தார் என்பதே ஒருவருடைய குலத்தைத் தீர்மானித்தது என்ற உண்மை அன்று எங்கள் கண்ணில் படவில்லை.

துல்லியம் என்ற அளவுகோல்

குழுவின் பெருமை வரலாற்றுத் துல்லியம். 1576-இல் ரியால்டோவில் இருந்தது மரப்பாலம். கல்பாலம் கட்டப்பட்டது 1588-க்கும் 1591-க்கும் இடையில்தான். பெருமூச்சுப் பாலம் இன்னும் எழவில்லை. காபிக் கடை கிடையாது. மணியைச் சூரியன் மறைவிலிருந்து எண்ணுவார்கள். ஆண்டு மார்ச் முதல் தேதிதான் பிறக்கும் என்பதால், நாம் 1577 பிப்ரவரி என்று சொல்வது வெனிஸ்காரருக்கு 1576 பிப்ரவரி. புதிதாக வந்தவர்களில் அநேகமாக அனைவரும் இந்தக் கணக்கில் ஒருமுறையாவது வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவரை உடனே யாராவது திருத்தினார்கள்.

திருத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. நானும் அதை அனுபவித்தவன்தான். ஒரு சம்பவம் நினைவிருக்கிறது. சேர்ந்து மூன்று வாரமே ஆன ஒருவர், பறவை அலகு போன்ற முகமூடி அணிந்த மருத்துவரை ஒரு காட்சியில் கொண்டுவந்தார். அந்த அலகு முகமூடி 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1576-க்கு அது பொருந்தாது. ஒரே மாலையில் ஆறு பேர் அவருக்கு அதை எழுதிவிட்டார்கள். ஆறாவது ஆள் நான். அவர் காட்சியை அழித்துவிட்டு, அடுத்த பத்து நாள் எதையும் எழுதவில்லை. அதை அப்போது ஒரு சிறு சங்கடமாக மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

கொள்ளைநோய்க்கு வகுத்த விதிகள்

வரலாற்றில் நோய் 1575 கோடையில் வெனிஸில் தலைகாட்டியது, குளிர்காலத்தில் தணிந்தது, 1576-இல் முழு வேகத்தோடு திரும்பியது. 1577 ஜூலையில் நகரம் நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்படும் வரை ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். நோய்க்கு முன் மக்கள்தொகை 1,80,000 அளவில் இருந்தது. அதாவது நான்கு பேரில் ஒருவருக்கு மேல்.

இந்த விகிதத்தை ஆட்டத்திலும் கொண்டுவர நினைத்தோம். 1576 ஜூலை முதல் நவம்பர் வரை, கதையின் ஒவ்வொரு மாதத்துக்கும் நகருக்குள் இருக்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு பகடைகளை உருட்டுவது. கூட்டுத்தொகை 2 அல்லது 12 வந்தால் அந்தப் பாத்திரம் இறந்துவிடும். ஒருமுறை உருட்டினால் இறக்கும் வாய்ப்பு பதினெட்டில் ஒன்று. ஐந்து மாதத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததில் எங்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அதோடு இரண்டு துணை விதிகளையும் சேர்த்தோம். நோயாளிகளைத் தொடும் தொழிலில் இருப்பவர்களுக்கு மாதம் இருமுறை உருட்டப்படும். இவர்களுக்கு ஐந்து மாதத்தில் இறக்கும் வாய்ப்பு பத்தில் நாலுக்கும் மேல். நகரை விட்டு வெளியேறிப் பெருநிலப் பகுதியில் உள்ள தோட்ட வீட்டுக்குப் போய்விட்டவர்களுக்குப் பகடையே கிடையாது. இந்த இரண்டாவது விதியை எழுதியவன் நான். வசதி படைத்தவர்கள் நகரை விட்டு ஓடினார்கள் என்பது வரலாறு. ஆகவே விதி சரி என்று வாதிட்டேன். யாரும் மறுக்கவில்லை. பகடையை ஒருங்கிணைப்பாளர்களாகிய நாங்கள் மூவரும் சேர்ந்து உருட்டி முடிவை அறிவிப்பது என்றும் ஏற்பாடாயிற்று.

இந்த விதிகளை உறுப்பினர்களுக்கு அறிவித்தோம். அவர்களிடம் கருத்துக் கேட்கவில்லை.

ஜூலை, ஆகஸ்ட் 1576

ஜூன் காட்சிகள் சிறப்பாக நடந்தன. அம்மாதம் பாதுவா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான ஜிரோலமோ மெர்குரியாலேயும் கபோதிவாக்காவும் வரவழைக்கப்பட்டு, வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜ் முன்னிலையில், இது உண்மையான பிளேக் இல்லை என்று வாதிட்டார்கள். அரசு அவர்களை நம்பியது. அவர்கள் படகில் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்த்தார்கள், சாவு கூடியது, மதிப்பிழந்து திரும்பினார்கள். குழுவில் ஏழு பேர் சேர்ந்து எழுதிய அந்த விவாதக் காட்சி இன்றும் எங்களுடைய சிறந்த எழுத்துகளில் ஒன்று.

ஜூலை பிறப்பதற்குள் 13 உயர்குடிப் பாத்திரங்களில் 11 பேரும், குடிமக்கள் அடுக்கைச் சேர்ந்த இருவரும் நகரை விட்டு வெளியேறிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் மூவரின் பாத்திரங்களும் அந்த 11-இல் அடக்கம். நகரில் 21 பேர் எஞ்சினார்கள். அவர்களில் ஆறு பேருக்கு மாதம் இரண்டு உருட்டல்.

ஜூலை உருட்டலில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டியும், கப்பல் தளத் தச்சரும் இறந்தார்கள். ஆகஸ்ட் உருட்டலில் நாவிதராகவும் அறுவை வைத்தியராகவும் இருந்த ஒருவர், எண்ணெய்க் கடைக்காரர், சலவைக்காரி ஆகிய மூவர். நிஜத்தில் ஒரு மாதத்துக்குள் ஐந்து பாத்திரங்கள் போய்விட்டன. ஐந்தும் எளிய அடுக்கைச் சேர்ந்தவை. ஐவரில் நால்வர் கடைசி ஓராண்டுக்குள் குழுவில் சேர்ந்தவர்கள்.

ஆகஸ்ட் முடிவை அறிவித்த மாலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சலவைக்காரியின் பாத்திரத்தை எழுதியவர் தம் இறுதிக் காட்சியை அனுப்பினார். நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்த லாஸரெத்தோ வெக்கியோ தீவிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை அவள் செப்பு அண்டாவில் போட்டுக் கொதிக்க வைக்கிறாள். விரிப்புகளில் மூலைக்கு மூலை முடிச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமான முடிச்சு போடுவது அவளுடைய வழக்கம். முடிச்சைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அண்டாவில் மிதந்த விரிப்புகளில் ஒன்றின் முடிச்சு அவளே போட்டது, தன் வீட்டு முடிச்சு. அவள் அதைக் கழியால் அமுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். அடுத்த பத்தியில் அவள் படகில் கிடக்கிறாள். மேலே அதே விரிப்பு.

அது வந்து ஏறத்தாழ இருபது நிமிடத்தில், பிரெந்தா ஆற்றங்கரைத் தோட்ட வீட்டிலிருந்த ஓர் உயர்குடிப் பாத்திரத்தின் காட்சி வந்தது. இரவு விருந்து, அத்திப்பழம், கிணற்றில் இறக்கிக் குளிரவைத்த முலாம்பழம், லூட் வாசிப்பு. அதை எழுதியவர் மற்றவருடைய காட்சியைப் படித்திருக்கவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் இரண்டும் அடுத்தடுத்து வந்து விழுந்ததைக் குழு முழுவதும் படித்தது. மறுநாள் காலைக்குள் நான்கு பேர் விலகுவதாகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் பதிலில் நாங்கள் செய்த பிழை

சலவைக்காரியை எழுதியவர் விலகவில்லை. எங்கள் மூவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். 2021-இல் தம் தந்தையைக் கொரோனாவில் இழந்ததாகவும், உடலைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள் என்றும், முகம் பார்க்க முடியவில்லை என்றும் அதில் இருந்தது. இந்தச் செய்தியை அவர் அதுவரை குழுவில் யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் பதறிப்போய் அன்று மாலையே பதில் எழுதினோம். இப்படிப்பட்ட கதைக்களத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வருந்துவதாகவும், கொள்ளைநோய்ப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு 1577 ஜூலைக்குத் தாவிவிடலாம் என்று யோசிப்பதாகவும் எழுதினோம். அன்பான கடிதம் என்றே நினைத்தோம். அவர் அனுப்பிய பதிலை இங்கே தருகிறேன்:

"என் துக்கத்துக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கொள்ளைநோய் வருகிறது என்று தெரிந்துதான் சலவைக்காரியைக் கேட்டு வாங்கினேன். எனக்குப் பார்க்கக் கிடைக்காததை எழுதிப் பார்க்க நினைத்தேன். நான் எழுதியது விதியைப் பற்றி. பகடையை உருட்டுகிறவர்கள் யாரும் ஊருக்குள் இல்லை. அதை ஒருமுறை கூட நீங்கள் கவனிக்கவில்லையா?"

முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தோம். தந்தையைப் பற்றி அதில் மூன்று வரிதான் இருந்தது. மீதி ஒன்றரைப் பக்கமும் விதியைப் பற்றியது. பகடை எறிவதிலிருந்து யார் யாருக்கு விலக்கு, யாருக்கு இரட்டிப்பு, அதை முடிவு செய்தவர்கள் யார் என்று வரிசையாகக் கேட்டிருந்தார். நாங்கள் அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு, மீதியைத் துக்கத்தின் வெளிப்பாடாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதும் எங்களில் ஒருவர் விதி வரலாற்றுக்கு உட்பட்டதுதான் என்று வாதிட்டார். வெளியேறியவர்கள் உயர்குடியினர், இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், இதில் நாம் எதைப் பொய்யாக்கினோம் என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதாகத் தோன்றியதால் இரண்டு நாள் அதைச் சுற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பாதுவா பேராசிரியர்களின் காட்சியில் பங்கேற்ற ஓர் உறுப்பினர், நாங்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் தமக்கு அந்த ஜூன் மாதம் நினைவுக்கு வருவதாகச் சுருக்கமாக எழுதினார். அந்த வரிக்கு மூவரில் யாராலும் பதில் எழுத முடியவில்லை.

நிறுத்தமும் விசாரிப்பும்

மூன்றாம் நாள் பகடையை இரண்டு வாரத்துக்கு நிறுத்தினோம். காட்சிகளை எழுத விரும்பியவர்கள் எழுதலாம், யாரும் இறக்கமாட்டார்கள். விலகுவதாகச் சொன்ன நால்வர் உட்பட 34 பேருக்கும் தனித்தனியாக மூன்று கேள்விகளை அனுப்பினோம். ஆட்டத்தில் எது உங்களுக்கு வேண்டாம்? உங்கள் பாத்திரத்தின் சாவை யார் தீர்மானிக்க வேண்டும்? இந்தப் பகுதி தொடர வேண்டுமா?

பத்து நாளில் 29 பேர் பதில் அனுப்பினார்கள். 17 பேர் அப்படியே தொடரச் சொன்னார்கள். 8 பேர் மாற்றித் தொடரச் சொன்னார்கள். 4 பேர் நிறுத்தச் சொன்னார்கள். எங்களை உலுக்கியது வேறொரு எண். 29 பேரில் 9 பேர் 2020-21 காலத்தில் நெருங்கிய ஒருவரை இழந்திருந்தார்கள். இரண்டேகால் ஆண்டாகச் சேர்ந்து எழுதியவர்கள். ரியால்டோ பாலம் மரமா கல்லா என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது, இது தெரியவில்லை. அந்த ஒன்பது பேரில் ஐவர் அந்தப் பகுதியைத் தொடர வேண்டும் என்று சொன்னவர்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். துக்கம் உள்ளவர்கள் கதையிலிருந்து காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்ற எங்கள் ஊகத்துக்கு இடமே இல்லாமல் போனது.

அந்த 17 பேரின் பதில்களையும் பாத்திர அடுக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். அவர்களில் 11 பேர் நகரை விட்டு வெளியேறிவிட்ட பாத்திரங்களை எழுதியவர்கள்.

இதற்கிடையில் விதிக்கு அடிப்படையான வரலாற்றையும் மறுபடி பார்க்கத் தொடங்கினேன். நான் சொன்னதில் பாதிதான் சரி. உயர்குடியினரில் பலர் வெளியேறினார்கள். ஆனால் அரசு வெளியேறவில்லை. செனட் நகரிலேயே கூடியது. 1576 செப்டம்பர் 4 அன்று, நோய் நீங்கினால் மீட்பருக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக அது நேர்ந்துகொண்டது. சுகாதாரப் பொறுப்பில் இருந்த அதிகாரிகள் உயர்குடியினரே. வெனிஸில் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியை மறுக்கும் உயர்குடியினருக்கு அபராதமும் உண்டு. ஆக, எங்கள் ஆட்டத்தில் நடந்ததைப் போல பதின்மூன்றில் பதினொருவர் ஒரு கேள்வியும் எழாமல் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட முடிந்திருக்காது. எங்களுக்கு வசதியான இடத்தில் மட்டும் வரலாற்றை நிறுத்தியிருந்தோம்; துல்லியத்தில் தோற்ற இடமும் அதுவே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகளைப் பரிசீலித்தோம். பகுதியைக் கைவிடுவதை முதலில் ஒதுக்கினோம். 29 பேரில் 25 பேர் ஏதோ ஒரு வடிவில் அது தொடர வேண்டும் என்றார்கள். சாவை முழுக்க அவரவர் விருப்பத்துக்கு விடுவது இரண்டாவது வழி. அப்படி விட்டால் நோயில் யாரும் சாகமாட்டார்கள், பிறகு அது கொள்ளைநோயே ஆகாது என்று பலர் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பகடை என்பது மூன்றாவது. அது சமமாகத் தோன்றினாலும், தோட்ட வீட்டில் இருப்பவரும் லாஸரெத்தோவில் நோயாளியைத் தூக்குபவரும் ஒரே ஆபத்தில் இருப்பதாகக் காட்டும். அது பொய்.

நான்காவதாக எடுத்த முடிவு பின்வருமாறு. பகடை தொடரும், ஆனால் 2 அல்லது 12 விழுந்தால், அந்தப் பாத்திரத்தின் வீட்டில் நோய் நுழைந்துவிட்டது என்று மட்டுமே பொருள். அதன்பின் என்ன என்பதை எழுதுபவர் தீர்மானிப்பார். பாத்திரம் இறக்கலாம். நோயிலிருந்து மீண்டுவரலாம், வரலாற்றிலும் சிலர் மீண்டார்கள். வீட்டில் வேறொருவர் இறந்து, எஞ்சியவர்கள் லாஸரெத்தோ நுவோவோ தீவுக்கு அனுப்பப்படலாம். 1423-இல் நோய் விடுதி ஏற்பட்ட பழைய தீவான வெக்கியோ நோயாளிகளுக்கானது. 1468-இல் விடுதி ஏற்பட்ட புதிய தீவான நுவோவோ, நோய்த்தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு. அந்த நாட்களை நகரில் வாழ்ந்து பார்த்த நோட்டரி ஒருவர் பழையதை நரகத்துக்கும் புதியதை, பாவம் கழியும் வரை ஆன்மாக்கள் தங்கும் உத்தரிக்கும் ஸ்தலத்துக்கும் ஒப்பிட்டிருக்கிறார். எப்படியானாலும் இழப்பு இல்லாமல் தப்பிக்க முடியாது என்பது மட்டும் விதி.

வெளியேறியவர்களைப் பொறுத்தவரை, அவர்கள் நகரில் விட்டுவந்த வீட்டு வேலைக்காரர்களின் பெயரில் பகடை உருட்டப்படும் என்று முடிவு செய்தோம். கூடவே, கதையில் செப்டம்பர் மாதம் மாமன்றம் கூடி, நகரின் ஆறு வட்டாரங்களுக்கும் மேற்பார்வையாளர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும். பெயர் வந்தவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் அபராதம் கட்டிப் பெயர் கெட வேண்டும். ஒருங்கிணைப்பாளர்களின் மூன்று பாத்திரங்களும் குலுக்கலுக்குக் காத்திராமல் முதலில் திரும்ப வேண்டும் என்பது சலவைக்காரியை எழுதியவர் வைத்த நிபந்தனை. ஏற்றோம். பகடை உருட்டும் பொறுப்பையும் எங்களிடமிருந்து எடுத்து, மாதந்தோறும் நகருக்குள் இருக்கும் பாத்திரங்களை எழுதுபவர்களில் ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

முன்பே இறந்த ஐந்து பாத்திரங்களை என்ன செய்வது என்பதில்தான் உண்மையான சண்டை வந்தது. புதிய விதியின்படி அவர்கள் பிழைத்திருக்கலாம். இருவர் தம் பாத்திரத்தைத் திரும்பக் கேட்டார்கள். எழுதி முடித்த காட்சியை அழித்தால் மற்ற எல்லாக் காட்சிகளும் ஆட்டம் காணும் என்று நான் எதிர்த்தேன். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் என் பக்கம் வென்றது. அந்த இருவருக்கும் ஈடாக, அப்போது காலியாகியிருந்த உயர்குடி இடங்களைக் கொடுக்க முன்வந்தோம். ஒருவர் ஏற்றார். மற்றவர், நாவிதரை எழுதியவர், தமக்கு வேண்டியது நாவிதர்தான் என்று சொல்லி விலகினார். எதிர்த்து வாக்களித்த ஒருங்கிணைப்பாளர் ஒரு வாரம் கழித்துப் பொறுப்பிலிருந்து விலகிச் சாதாரண உறுப்பினராகத் தொடர்ந்தார். விதி வரலாற்றுக்கு உட்பட்டது என்று முன்பு வாதிட்டவரும் அவரே என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். தவறான விதியால் செத்தவர்களைச் செத்தவர்களாகவே வைத்திருப்பது தமக்குப் புரியவில்லை என்றார்.

பின்விளைவு

செப்டம்பர் குலுக்கலில் நான்கு உயர்குடிப் பாத்திரங்கள் திரும்ப வேண்டி வந்தது. மூவர் திரும்பினார்கள்; ஒருவர் அபராதம் கட்டினார். அபராதம் கட்டியவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய காட்சிகள் கொடூரமாகவும் வேடிக்கையாகவும் இருந்தன. அதை அவரே ரசித்தார். முலாம்பழ விருந்தை எழுதியவர் திரும்பியவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்த வட்டாரம் கன்னரேஜோ. அங்கே நோய் நுழைந்த வீடுகளிலிருந்து தூக்கிவரப்பட்ட துணிகளை எரிக்கும் காட்சியை எழுதியபோது, மூலையில் முடிச்சிட்ட விரிப்பு ஒன்றை அவருடைய பாத்திரம் தீயிலிருந்து விலக்கி வைக்கிறது. ஏன் என்று அவர் எழுதவில்லை.

அக்டோபரில் ஓர் உறுப்பினர் கெத்தோ மீது கும்பல் தாக்குதல் ஒன்றை எழுத அனுமதி கேட்டார். கொள்ளைநோய்க் காலத்தில் யூதர்கள் மீது பழி விழுவது வரலாறு என்றார். 1349-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் யூதர்களை எரித்தது உண்மைதான். 1575-77-இல் வெனிஸில் அப்படிப்பட்ட படுகொலை நடக்கவில்லை. பழைய துணி வணிகம் நோய்க்கு வழி என்று சந்தேகிக்கப்பட்டதே யூத வணிகருக்குப் போதுமான நெருக்கடி. அனுமதி மறுத்தோம். மறுக்கும் முன் அந்த வணிகரை எழுதுபவரிடம் கேட்டோம் என்பதே இம்முறை வேறுபாடு.

நவம்பர் முடிவில் கணக்குப் பார்த்தபோது, மாற்றிய விதியின்கீழ் பகடை எட்டு வீடுகளைத் தொட்டிருந்தது. எட்டில் நான்கு பாத்திரங்களை எழுதியவர்கள் தாமாகவே சாகக் கொடுத்தார்கள். அதில் இரண்டு உயர்குடி. முதல் ஐந்தோடு சேர்த்தால் மொத்தம் ஒன்பது. 34-இல் ஒன்பது என்பது நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். கட்டாயமில்லாமலே வரலாற்றின் விகிதம் வந்துவிட்டதைக் கண்டு நான் ஒருவித வெட்கத்தோடு சிரித்தேன்.

மொத்தத்தில் எட்டுப் பேரை இழந்தோம். விலகுவதாகச் சொன்ன நால்வரில் இருவர் திரும்பவேயில்லை. நாவிதரை எழுதியவர் போனார். கேள்விகளுக்குப் பதில் அனுப்பாத ஐவரும் சத்தமில்லாமல் மறைந்தார்கள். அந்த ஐவர் என்ன நினைத்தார்கள் என்பது எங்கள் கைக்கு எட்டவில்லை. அவர்களில் ஒருவர் அலகு முகமூடி மருத்துவரை எழுதியவர்.

1577 மே 3 அன்று ஜுதெக்கா தீவில் பல்லாடியோ வடிவமைத்த ரெதெந்தோரே (மீட்பர்) ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய காட்சியும், ஜூலையில் படகுகளை வரிசையாகக் கோத்துப் பாலமாக்கி ஊர்வலம் சென்ற காட்சியும் எஞ்சிய 26 பேரும் சேர்ந்து எழுதியவை. சலவைக்காரியை எழுதியவர் அதற்குள் ஒரு புதிய பாத்திரத்தை எடுத்திருந்தார்: படகுப் பாலத்தில் பலகை அடிக்கும் தச்சனின் பன்னிரண்டு வயது மகன். உயர்குடி இடம் ஒன்றை அவருக்கும் கொடுக்க முன்வந்தோம், வேண்டாம் என்றார்.

இன்று செய்தால் மாற்றுவது

முதலாவதாக, பாத்திர இடங்களைச் சேர்ந்த தேதியின்படி கொடுக்கமாட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை, விரும்புகிறவர்கள் பாத்திரத்தை மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறோம். எதிர்பார்த்ததற்கு மாறாக, எளிய பாத்திரங்களை எழுதியவர்களில் ஒருவர் மட்டுமே உயர்குடியைக் கேட்டார். உயர்குடியை எழுதியவர்களில் மூவர் கீழே இறங்கக் கேட்டார்கள்.

விதி எழுதுபவரின் பாத்திரம் அந்த விதியின் கீழ் இருக்க வேண்டும். இல்லையேல் அந்த விதியை வேறொருவர் எழுத வேண்டும். இதை எழுத்தில் வைத்திருக்கிறோம். காலப்பிழைத் திருத்தங்களை இப்போது ஒருவர் மட்டுமே, காட்சியை எழுதியவருக்குத் தனியாக அனுப்புகிறார். திருத்தும் சுகம் குறைந்துவிட்டதாகச் சிலர் முணுமுணுக்கிறார்கள்.

இறந்த ஐவரை மீட்காமல் விட்டது சரியா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. அன்று என் வாக்கு மாறியிருந்தால் நாவிதர் திரும்ப வந்திருப்பார். கதை ஆட்டம் கண்டிருக்கும் என்ற என் வாதத்தை இப்போது படித்தால், எனக்கு நானே எழுதிக்கொண்ட சமாதானம் போல இருக்கிறது.

அடுத்து வரும் பெரிய நிகழ்வு 1577 டிசம்பர் 20 அன்று டோஜின் அரண்மனையில் பற்றிய தீ. மாமன்ற மண்டபம் எரிந்து போகும். அதற்கு ஆறு வாரம் முன்பே 26 பேருக்கும் கேள்விகளை அனுப்பினோம். மூவர், தீ தங்களுக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதினார்கள். காரணம் கேட்கவில்லை. அந்த வாரத்தில் அவர்களுடைய பாத்திரங்களுக்கு முரானோவில் வேலை இருக்கும்.